"எனக்கு இந்தப் பதவி தகுமா?" – மனசுக்குத் துணை தேடும் பாடம்



போன இதழில் உள்கடன் வட்டிக் கணக்கு பார்த்தோம். இந்த முறை வேறு ஒரு கணக்கு. நம்ம மனசுக்குள்ளே நாமே நம்மைப் பற்றி எழுதி வைத்துக் கொள்கிற கணக்கு. வழக்கம் போல குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளைச் சேர்ந்து பேசுங்கள்.

ஒரு ராஜினாமா கடிதம்

கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றார். பக்கத்து ஊராட்சி கூட்டமைப்பின் செயலாளர் அவர். யாரும் இல்லாத நேரம் பார்த்து, மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். ராஜினாமா கடிதம்.

"இன்னாத்துக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாமா தெரியும்? எட்டாவதோட நின்னவ. ஷூ கம்பெனிக்கு அப்பர் தைச்சிக்கினு இருந்தவ. நீங்க பக்கத்துல குந்தி சொல்லிக் குடுத்தீங்க, எழுதிக்கினு போறேன். என்னிக்கினா ஒரு நாளு ஆடிட்டுக்கு வர்றவங்க கண்டுபுடிச்சிடுவாங்க, இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. அன்னிக்கு மானம் போறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

சகோதரிகளே, அந்தக் கடிதத்தை நான் இன்னொரு முறை படித்தேன். தேதி சரியாக இருந்தது. தீர்மான எண் இருந்தது. யாரிடம் எந்தப் புத்தகத்தை ஒப்படைப்பது என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு பிழை இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்கிறவர் எழுதிய கடிதம் அது!

அவர் செயலாளர் ஆகி மூன்று வருடம். ரொக்கப் புத்தகம் ஒரு மாதம் கூட இடித்தது இல்லை. வங்கிக் கடனுக்கான காகிதங்கள் எல்லாம் அவர் கையால் தயாரானவை. அந்த வாரம் கூட மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் விலகினால் அந்தப் பெண்களுக்கு மாட்டுக் கடனும், பிள்ளைகளின் காலேஜ் பீஸும் தள்ளிப் போகும். அதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

விசாரித்தபோது இன்னும் தெரிய வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு, முடித்த கணக்கையே திரும்பக் கூட்டிப் பார்க்கிறார். சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் எல்லாம் தளர்ந்து போயிருக்கிறது. இப்படியே இரண்டு மாதமாம். வீட்டில் கேட்டால் "வெயிலுக்கு அப்பிடி கீது" என்று சமாளித்திருக்கிறார்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது

நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்து பார்க்காதவர்கள் இல்லை. ராஜா வேஷம் கட்டியவர் விடியும் வரை ராஜா. விடிந்ததும் பூச்சைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார். அவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும், அது வேஷம் என்று.

ஆனால் உண்மையாகவே வேலையைச் செய்து, உண்மையாகவே பெயர் வாங்கிய ஒருவர், "நான் வேஷம் போட்டு ஊரை ஏமாத்தறேன், எந்த நேரமும் வேஷம் கலைஞ்சிடும்" என்று உள்ளுக்குள் நடுங்கிக் கொண்டே இருந்தால்? இதைத்தான் படித்தவர்கள் 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். நாம் 'வேஷ பயம்' என்று வைத்துக் கொள்வோம்.

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். வேலையிலும் படிப்பிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்துப் பேசி எழுதியது. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கூட "என்னைத் தப்பாக எடை போட்டுவிட்டார்கள், ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன்" என்று நினைத்துக் கொண்டிருந்தார்களாம். பின்னாளில் நடந்த ஆராய்ச்சிகளில் ஆண்களுக்கும் இந்தப் பயம் உண்டு என்று தெரிந்தது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவின் மனைவி மிச்செல் ஒபாமா வக்கீலுக்குப் படித்தவர், உலகமே அறிந்தவர். 2018 டிசம்பரில் லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் பேசும்போது, இந்தப் பயம் தனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை என்று மாணவிகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே இது படிக்காததால் வருகிற பயம் இல்லை.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ளுங்கள். இது பைத்தியம் இல்லை. மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாகவும் இல்லை. இது ஒரு மன அனுபவம். ஆனால் கவனிக்காமல் விட்டால் தூக்கம் போகும், சாப்பாடு போகும், மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற நோய்கள் சேர்ந்து கொள்ளலாம். அவற்றுக்குச் சிகிச்சை தேவை.

மனசின் ரொக்கப் புத்தகம்

ரொக்கப் புத்தகத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று வரவு, மற்றது செலவு. வரவை ஒருவர் இன்னொரு குழுவின் புத்தகத்தில் எழுதிவிட்டு, செலவை மட்டும் தன் குழுவில் எழுதினால் என்ன ஆகும்? குழுவில் பணம் இருந்தும் புத்தகம் நஷ்டம் காட்டும். வேஷ பயம் உள்ளவர் செய்வது இதைத்தான்.

- கடன் கிடைத்தால்: "மேனேஜர் நல்லவரு" (மேனேஜர் கணக்கில் வரவு)
- ஆடிட் நல்லபடி முடிந்தால்: "மேடம் சொல்லிக் குடுத்தாங்க" (மேடம் கணக்கில் வரவு)
- கூட்டத்தில் நன்றாகப் பேசினால்: "அன்னிக்கு ஏதோ வந்துச்சி" (அதிர்ஷ்டத்தின் கணக்கில் வரவு)
- ஒரு கூட்டல் தவறினால்: "நான் முட்டாளு" (இது மட்டும் தன் கணக்கில் செலவு)

இப்படியே வருடக் கணக்கில் எழுதினால் மனசில் மிச்சம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பயம் ஒரு செக்கு மாடு மாதிரி சுற்றும். புது வேலை வருகிறது. உடனே பயம். பயத்தில் ஒன்று, தேவைக்கு மேல் பத்து மடங்கு உழைப்பு. அல்லது கடைசி நாள் வரை தள்ளிப் போடுவது. எப்படியோ வேலை நன்றாக முடிகிறது. கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, "ராத்திரி பகலா உழைச்சதால தப்பிச்சேன், இல்லன்னா மாட்டியிருப்பேன்" என்ற எண்ணம். தள்ளிப் போட்டவர் "ஏதோ அதிர்ஷ்டம்" என்பார். அடுத்த வேலை வந்ததும் மறுபடியும் அதே பயம். அதனால்தான் எத்தனை வெற்றி வந்தாலும் பயம் தானாகக் குறைவதில்லை.

எல்லாமே மனசில் இருப்பதா? இல்லை!

இங்கே கவனமாக இருக்க வேண்டும். நம் பயம் சும்மா வானத்திலிருந்து விழவில்லை.

வங்கியில் ஒரு பெண்ணை மணிக்கணக்காக நிற்க வைத்துவிட்டு, பிறகு வந்த ஆளை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். கம்பெனியில் பத்து வருடம் அனுபவம் உள்ள பெண்ணை விட்டுவிட்டு, நேற்று வந்த பையனை சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். தோல் வேலை செய்கிறவள் என்றும், இந்தத் தெருவுக்காரி என்றும் சொல்லி எட்டி நிற்கச் சொல்கிறார்கள். மலைக் கிராமத்துப் பெண் பேசினால் சிரிக்கிறார்கள். இவை எல்லாம் உண்மையாக நடப்பவை. சின்ன வயதிலிருந்து "உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்று கேட்டுக் கேட்டு, வெளியே சொன்ன குரல் ஒரு நாள் நம் சொந்தக் குரல் ஆகிவிடுகிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அடுத்தவர் நம்மை மட்டம் தட்டினால் அதற்கு மருந்து ஆலோசகரிடம் இல்லை. அதற்குக் குழு இருக்கிறது, மனு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. உதாரணமாக, சுய உதவிக் குழுக் கடன் 20 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இது தெரிந்தவர், கேட்டால் பதில் சொல்வார். தெரியாதவர், "நமக்குத் தகுதி இல்ல போல" என்று திரும்பி வந்துவிடுவார்.

யாரும் மட்டம் தட்டாத போதும், எல்லோரும் பாராட்டுகிற போதும், நாமே நம்மை மட்டம் தட்டிக் கொண்டிருந்தால்? அங்கேதான் மனசுக்குத் துணை தேவைப்படுகிறது.

தகுதி என்பது சர்டிபிகேட்டில் மட்டும் இல்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. மதுரை மாவட்டம் அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியம் மகளிர் குழுக்களைத் தலைமை ஏற்று வளர்த்தவர். 2001-இல் டெல்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. படிப்பு நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் பத்து வீட்டுப் பெண்களை ஒன்றாக உட்கார வைத்துச் சேமிக்க வைப்பதும் ஒரு தகுதி.

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு நம் பக்கம் நடந்த ஊராட்சித் தேர்தல் அது. முதல் முறை நாற்காலியில் உட்காரும் எந்தப் பெண்ணுக்கும் "இது எனக்குத் தகுமா" என்ற கேள்வி வரலாம். உட்கார்ந்து பழக்கம் இல்லாத நாற்காலி என்பதற்காக அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடாது.

முதல் மருந்து: பேசுவது

கிளான்ஸ், ஐம்ஸ் இருவரும் இதற்குச் சொன்ன வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? குழு! இதே பயம் உள்ள பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் மிகவும் பலன் தரும் என்று எழுதினார்கள். ஏனென்றால் தனியாக இருக்கும்போது, "நான் ஒருத்திதான் இப்படி" என்று தோன்றும். பக்கத்தில் உள்ள திறமைசாலியும் அதையே சொல்லக் கேட்டால், "அட, இவளே இப்படி நினைக்கிறாளா?" என்று கட்டு தளர்ந்துவிடும். நம்மிடம் குழு ஏற்கனவே இருக்கிறது. வட்டம் போட்டு உட்காரத் தெரியும். சேமிப்பு, கடன் பேசுவது போல இதையும் பேச வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் சொன்ன இன்னொரு பயிற்சி: யாராவது பாராட்டினால் அதை எழுதி வையுங்கள். அதை நீங்கள் என்ன சொல்லித் தட்டிக் கழித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் உங்கள் மனசின் புத்தகத்தில் வரவு எங்கே போகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

எப்போது ஆலோசகரிடம் போக வேண்டும்?

குழுவில் பேசியும் தீராத போது, அல்லது கீழே உள்ளவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் போக வேண்டும்:

1. தூக்கம் கெட்டுப் போவது, அல்லது எழவே முடியாமல் தூங்குவது
2. சாப்பாடு பிடிக்காமை, உடம்பு இளைப்பது
3. எதிலும் பிடிப்பு இல்லாமை, காரணம் இல்லாத அழுகை
4. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், அடிக்கடி தலைவலி
5. பயத்தினால் வேலை, கூட்டம், உறவு எல்லாவற்றையும் தவிர்ப்பது

செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே பேச வேண்டும். அவரைத் தனியாக விடக் கூடாது.

களைப்பும் படபடப்பும் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவற்றாலும் வரும். எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் செய்து கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

யாரிடம் போவது?

"கவுன்சிலர்கிட்ட போங்க" என்று நான் சொன்னபோது அந்த அக்கா, "வார்டு கவுன்சிலர்கிட்டயா? அவரே நம்மகிட்ட ஓட்டு கேட்டு வர்றாரு" என்றார். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அன்றைக்கு அவர் சிரித்தார். நாம் சொல்வது மன ஆலோசகரை. அதில் யார் யார் என்று தெரிந்து கொள்வோம்.

*மனநல மருத்துவர்:* எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுத உரிமை உள்ளவர். தூக்கம், சாப்பாடு கெட்டுப் போகும் அளவுக்கு இருந்தால் இவரிடம் முதலில் போவது நல்லது.

*மருத்துவ உளவியலாளர்:* உளவியலில் மேற்படிப்பும் பயிற்சியும் பெற்றவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மாத்திரை கொடுக்க மாட்டார். பேசி, பயிற்சி கொடுத்து எண்ணங்களை மாற்ற உதவுவார். வேஷ பயத்துக்கு இவரே பொருத்தமானவர்.

*மனநல சமூகப் பணியாளர், ஆலோசகர்:* சமூகப் பணி அல்லது உளவியல் படித்தவர்கள். குடும்பத்தோடும் பேசி உதவுவார்கள். ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக் கொள்ள முடிகிறது. ஆகவே என்ன படித்தார் என்று கேட்டுத்தான் போக வேண்டும்.

எங்கே போவது?

*போனிலேயே பேச:* 14416 என்ற எண். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழில் பேசலாம். பஸ்ஸுக்குக் காசு இல்லாதவர்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு.

*அரசு மருத்துவமனை:* வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறையில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் வெளிநோயாளர் சீட்டு போட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலக் குழு எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருகிறது என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள்.

*சி.எம்.சி.:* அதன் மனநல மையம் வேலூர் பாகாயத்தில் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, சலுகை உண்டா என்று முன்னமே விசாரித்துப் போங்கள்.

*வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்தால்:* 181 மகளிர் உதவி எண். சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்து, "மூணு நாளில் தன்னம்பிக்கை, முன்பணம் அனுப்புங்க" என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள், மருத்துவத்தை நிறுத்தாதீர்கள்.

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள்

கறவை மாடு வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்? மனசைக் கையில் கொடுக்கும்போது கேட்க வெட்கப்படலாமா?

1. நீங்க என்ன படிச்சிருக்கீங்க? எங்கே பயிற்சி எடுத்தீங்க?
2. ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டணம்? எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்?
3. நான் சொல்றத யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?
4. இந்த மாதிரி பயத்தோட வந்தவங்களைப் பார்த்திருக்கீங்களா? என்ன முறையில உதவி செய்வீங்க?
5. வேலை நாள் கூலி போகாம வேற நேரம் குடுக்க முடியுமா? நடுவுல போன்ல பேசலாமா?

மூன்றாவது கேள்விக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டுமே விலக்கு. அரசு மனநலச் சேவையைப் பெறுவதும் அதே சட்டம் கொடுத்த உரிமை. நாம் தயவு கேட்டுப் போகவில்லை.

முதல் ஆள் சரியில்லை என்றால்?

இதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் வயிற்றைப் பிரட்டும். என்னை விட வயதில் பெரியவர்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது, ஒரு நாள் என்னை எழுப்பி விட்டுவிடுவார்கள் என்று பயம். கடைசியில் ஒரு ஆலோசகரிடம் போனேன். அவர் பத்து நிமிடம் கேட்டார். பிறகு, "கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாயிடும், தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் மோசமாகிப் போனது. ஆலோசகருக்கே நான் லாயக்கு இல்லை என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு தோழி வற்புறுத்தி வேறு ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் புத்தி சொல்லவில்லை. கேட்டார். "கண்டுபுடிச்சிடுவாங்கன்னு சொல்றீங்களே, என்னத்தைக் கண்டுபிடிப்பாங்க? ஒரு பட்டியல் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். எழுத உட்கார்ந்தேன். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. அந்த மூன்றும் கற்றுக் கொள்ளக் கூடிய விஷயங்கள்! அன்றிலிருந்துதான் எனக்குப் பிடி கிடைத்தது.

அதனால் சொல்கிறேன். ஒரு டாக்டர் ஊசி சரியாகப் போடவில்லை என்று நாம் வைத்தியத்தையே விட்டுவிடுவதில்லை. இரண்டு மூன்று தடவை போயும், "இவர் நான் சொல்றத கேக்கறாரு" என்ற எண்ணம் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களைத் திட்டுகிறவர், சாதி, மதம், நடத்தை பற்றிக் குத்திப் பேசுகிறவர், தேவையில்லாமல் தொடுகிறவர் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடம் சொல்லுங்கள்.

அங்கே என்ன நடக்கும்?

பொதுவாக ஒரு தடவைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அரசு மருத்துவமனையில் கூட்டம் இருந்தால் நேரம் குறையலாம். முதல் தடவை உங்கள் கதையைக் கேட்பார். பிறகு, பயம் வரும் நேரத்தில் மனசில் ஓடும் வாக்கியம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார். வீட்டுப் பாடமும் உண்டு. ஒரே நாளில் மாறாது. பல வாரம் ஆகும். மாத்திரை எழுதினால், மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டாம். "தூக்கம் இல்ல, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்றால் அது உண்மைதான். நம்பகமான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அந்த அக்கா என்ன ஆனார்?

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. "வெச்சிக்கறேன் அக்கா. மூணு மாசம் கழிச்சி நீங்க கேட்டா குடுக்கறேன்" என்றேன். அன்றைக்கு ராத்திரி 14416-இல் பேசினார். அடுத்த வாரம் அவர் குழுவின் ஊக்குநர் துணைக்குப் போக, அரசு மருத்துவமனைக்குப் போனார். போகிற நாள் எல்லாம் கூலி போனது. இரண்டாவது தடவை, "வேணாம்மா, சரியா பூட்ச்சி" என்று நழுவப் பார்த்தார். ஊக்குநர் விடவில்லை. ரத்தசோகையும் இருந்தது, அதற்கும் மருந்து கொடுத்தார்கள்.

அந்த மூன்று கடன் விண்ணப்பங்களிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த ஆடிட்டில் 40 ரூபாய் வித்தியாசம் வந்தது. முன்பென்றால் செத்துப் போயிருப்பார். அன்றைக்கு, "ரெண்டாவது குழு ரசீதைப் பாருங்க சார், அங்கதான் இருக்கும்" என்றார். அங்கேதான் இருந்தது.

பயம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டேன். "வருது மேடம். வந்தா வரட்டும், ஓரமா குந்தட்டும். நான் கணக்கு எழுதிக்கினு இருக்கேன்" என்றார். கடிதத்தை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குழுவில் பேசிப் பார்ப்போம்

1. "எனக்கு இது தகுமா" என்று உங்களுக்குத் தோன்றிய நேரம் எது? அதை யாரிடமாவது சொன்னீர்களா?
2. அந்தப் பயத்தில் எது அடுத்தவர் மட்டம் தட்டியதால் வந்தது? எது நாமே போட்டுக் கொண்டது?
3. நம் குழுவில் பொறுப்பு வேண்டாம் என்று ஒதுங்குகிறவர் யார்? அவரால் முடியாதா, பயமா? கேட்டுப் பார்த்தோமா?
4. ஒருவர் மனநல மருத்துவரிடம் போனால் ஊரில் என்ன பேசுவார்கள்? குழுவாக நாம் அதற்கு என்ன பதில் சொல்வோம்?

இந்த மாதம் செய்ய வேண்டியது

- 14416 என்ற எண்ணைத் தீர்மானப் புத்தகத்தின் அட்டைக்குள் எழுதி வையுங்கள்.
- ஒவ்வொருவரும் வலது பக்கம் உள்ள சகோதரி நன்றாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். கேட்பவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லக் கூடாது. "ஆமாம், நான்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.
- யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை வேண்டுமென்றால் ஒருவரை முடிவு செய்யுங்கள். பஸ் செலவுக்கு உள்கடன் கேட்டால் காரணத்தைக் கூட்டத்தில் விளக்கச் சொல்லாதீர்கள். "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும்.

சேமிப்பை வாரா வாரம் எண்ணிப் பார்க்கிற நாம், நம் உழைப்பின் வரவையும் நம் கணக்கிலேயே எழுதுவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்,
அணைக்கட்டு